கோலியாத்து விழுந்த மறுநாள்

(வானொலியில் ஒலிபரப்பான அருளுரை)



இன்று நம் சிந்தனை ஒரு கால்பந்து மைதானத்தில் தொடங்குகிறது. "நமக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று தாய்மார்கள் யாரும் வானொலியை அணைத்துவிட வேண்டாம். ஆடுகிறவர்களைவிட, ஓரத்தில் நின்று பார்க்கிறவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறோம். ஓரத்தில் நின்று அடுத்தவரைப் பார்ப்பது நாம் எல்லாரும் அன்றாடம் செய்கிற வேலைதானே!

ஐரோப்பிய நாடுகளில் கால்பந்துப் போட்டிகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று லீக். அதில் அணிகள் முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று படிக்கட்டு போல அடுக்கப்பட்டிருக்கும். பெரியவர் பெரியவரோடும் சிறியவர் சிறியவரோடும் ஆடுவார்கள். மற்றொன்று கோப்பைப் போட்டி. அங்கே இந்தப் படிக்கட்டுக்கு மதிப்பில்லை. சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுப்பார்கள். யாருக்கு எதிராக யார் பெயர் வந்தாலும் ஆடித்தான் ஆக வேண்டும். பெரும் சம்பளம் வாங்கும் வீரர்களுக்கு எதிரே, பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள் நிற்பார்கள். பெரும்பாலும் பெரியவரே வெல்வார். எப்போதாவது ஒரு நாள் சின்னவர் வென்றுவிடுவார். அந்த நாளில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் இன்று நமக்குப் பாடம்.

இப்படி ஒரு நாள் 1972 பிப்ரவரி 5 அன்று இங்கிலாந்தில் வந்தது. ஹியர்ஃபோர்ட் என்ற சிறிய ஊரின் அணி. லீக்கின் நான்கு பிரிவுகளில் எதிலும் அதற்கு அப்போது இடம் கிடையாது. எதிரே வந்தது முதல் பிரிவின் நியூகாசில் அணி. மழையில் ஊறிச் சேறாகிக் கிடந்த மைதானம். ஆட்டம் முடிய இன்னும் சில நிமிடங்களே இருக்கின்றன, நியூகாசில் ஒரு கோல் அடித்து முன்னே நிற்கிறது. அப்போது ரோனி ராட்ஃபோர்ட் என்பவர் வெகு தொலைவிலிருந்து ஓர் உதை விட்டார். பந்து வலையின் மேல் மூலையில் போய் விழுந்தது. ராட்ஃபோர்ட் தொழிலால் ஒரு தச்சர். நம் ஆண்டவரும் தச்சர் வீட்டில் வளர்ந்தவர் என்பதால் நமக்கு அவர்மேல் கொஞ்சம் கூடுதல் பிரியம் வருவது இயல்பு.

பந்து வலையைத் தொட்டதுதான் தாமதம், குளிர்கோட்டுப் போட்ட சிறுவர்கள் நூற்றுக்கணக்கில் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடினார்கள். சேறும் தண்ணீரும் அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களை வெளியேற்றி ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். கூடுதல் நேரத்தில் மாற்று வீரராக வந்த ரிக்கி ஜார்ஜ் இன்னொரு கோல் அடித்தார். 2–1 என்று ஹியர்ஃபோர்ட் வென்றது. மறுபடியும் கூட்டம் உள்ளே ஓடியது. அந்தப் படம் இங்கிலாந்தில் இன்றும் திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. அந்த ஊரைக் கண்ணால் பார்த்திராதவர்களும் அதைப் பார்த்து மகிழ்கிறார்கள்.

ஏன் மகிழ்கிறார்கள்? அவர்களுக்கு அதில் ஒரு காசு லாபம் உண்டா? இல்லை. ஆனாலும் மனித மனத்தில் ஓர் ஆசை எழுதப்பட்டிருக்கிறது: வல்லவன் எப்போதும் வெல்லக்கூடாது, எளியவனுக்கும் ஒரு நாள் வேண்டும். அன்னை மரியா எலிசபெத்தின் வீட்டில் நின்று பாடிய பாடலும் இதைத்தானே பாடுகிறது! அரியணையில் இருப்பவர்களை இறக்கி, தாழ்ந்து கிடப்பவர்களைத் தூக்கிவிடுகிற கடவுளை அந்தத் தாய் புகழ்கிறார். சின்னவர் வெல்லும்போது நம் நெஞ்சு துள்ளுவது நல்லதுதான். அதைக் கடவுளே நமக்குள் வைத்திருக்கிறார்.

இதனால்தான் இப்படிப்பட்ட வெற்றி எங்கே நடந்தாலும் உலகம் உடனே "தாவீதும் கோலியாத்தும்" என்று சொல்கிறது. விவிலியத்தைத் திறந்து பார்க்காதவர்களுக்கும் அந்த இரண்டு பெயர்களும் தெரியும். சிறுவன், கவண், ஒரு கல், விழுந்து கிடக்கும் அரக்கன். சாமுவேல் முதல் நூல், 17ஆம் அதிகாரம். அங்கேயே நாம் புத்தகத்தை மூடிவிடுகிறோம். கதை அங்கே முடியவில்லை, சகோதரர்களே. 18ஆம் அதிகாரம் இருக்கிறது. கோலியாத்து விழுந்த மறுநாள் என்ன நடந்தது என்று அது சொல்கிறது. அதற்கு வருமுன், இன்னொரு கால்பந்துக் கதையைக் கேட்டுவிடுவோம்.

ஹியர்ஃபோர்ட் வெற்றிக்கு 28 ஆண்டுகளுக்குப் பிறகு, கடலுக்கு அந்தப் பக்கம், பிரான்சில் நடந்தது இது. பிரெஞ்சுக் கோப்பைக்கும் நம் திருச்சபைக்கும் ஓர் உறவு உண்டு என்பதை முதலில் சொல்ல வேண்டும். அந்தப் போட்டி தொடங்கியபோது அது ஷார்ல் சிமோன் என்பவரின் நினைவாக நடத்தப்பட்டது. கத்தோலிக்கப் பங்குகளின் இளைஞர் மன்றங்கள் சேர்ந்து நடத்திய விளையாட்டுக் கூட்டமைப்பின் பொதுச் செயலராக இருந்தவர் அவர். முதல் உலகப்போரில், 1915இல், போர்முனையில் உயிரிழந்தார். கோயில் முற்றத்தில் பிள்ளைகளுக்குப் பந்து வாங்கிக் கொடுத்தவர்களின் உழைப்பும் சேர்ந்து வளர்ந்த கோப்பை அது. சிற்றூர் அணியும் அதில் பெயர் கொடுக்கலாம்.

2000ஆம் ஆண்டு அந்தக் கோப்பைப் போட்டியில் கலே என்ற ஊரின் அணி ஆடியது. கலே, இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும் துறைமுகம். லேஸ் துணிக்குப் பேர்போன ஊர். அந்தத் தொழில் நலிந்து, வேலையில்லாமல் பலர் தவித்த காலம் அது. அணி நான்காம் பிரிவில் இருந்தது. வீரர்கள் துறைமுகத்திலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்தவர்கள். பயிற்சியாளர் பெயர் லாடிஸ்லாஸ் லோசானோ.

இரண்டாம் பிரிவின் லீல் அணியைப் பெனால்டி உதைகளில் வென்றார்கள். கான் அணியையும் அப்படியே வென்றார்கள். கால் இறுதியில் முதல் பிரிவின் ஸ்ட்ராஸ்பூர் 2–1 என்று வீழ்ந்தது. அரையிறுதியில் போர்தோ வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரான்சின் சாம்பியன் பட்டம் வென்ற அணி. லான்ஸ் நகரின் பெரிய அரங்கில் ஆட்டம். 90 நிமிடம் ஆகியும் இரு பக்கமும் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் கலே 3–1 என்று வென்றது. நாடே கலேயின் பக்கம் சாய்ந்தது. துறைமுகத்து மக்களுக்கு அந்த வாரங்களில் பேச்செல்லாம் அதுதான்.

மே 7ஆம் நாள், பாரீசுக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் அமரக்கூடிய தேசிய அரங்கில் இறுதி ஆட்டம். எதிரணி நாந்த். முந்தைய ஆண்டு அதே கோப்பையை வென்ற அணி. முதல் கோலை அடித்தது கலே! இடைவேளையின்போது 1–0. பிறகு நாந்த் சமன் செய்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் நடுவர் நாந்த்துக்கு ஒரு பெனால்டி கொடுத்தார். அது சரியா என்று இன்றும் வாதிடுகிறார்கள். பந்து வலைக்குள் போனது. 2–1. கலே தோற்றது.

இனி நடந்ததைக் கவனியுங்கள். நாந்த் அணியின் தலைவர் மிக்கேல் லாந்த்ரோ, கோல் காப்பவர். வயது 20. நம் வீட்டுக் கல்லூரிப் பிள்ளையின் வயது. அவர் கோப்பை வாங்கப் போகும்போது, கலே அணியின் தலைவர் ரெஜினால்ட் பெக்கை அழைத்துத் தம்மோடு கூட்டிக்கொண்டு போனார். கோப்பையின் ஒரு கைப்பிடியை அவர் பிடித்தார். மறு கைப்பிடியைப் பெக்கிடம் கொடுத்தார். வென்றவரும் தோற்றவரும் சேர்ந்து அந்தக் கோப்பையைத் தலைக்குமேல் தூக்கினார்கள்.

யோசித்துப் பாருங்கள். அன்று நாடெல்லாம் கைதட்டியது யாருக்கு? கலேக்கு. வென்றால் "பாவம் அந்தச் சின்னவர்களை வென்றுவிட்டார்கள்" என்பார்கள். தோற்றால் சிரிப்பார்கள். எப்படிப் போனாலும் நாந்த்துக்குப் பாராட்டு குறைவு. அந்த நேரத்தில் ஓர் இளைஞனுக்கு என்ன தோன்றியிருக்கலாம்? "இப்போதாவது எங்களைப் பாருங்கள், வென்றது நாங்கள்" என்று தோன்றியிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. அவர் அந்த நொடியையும் பங்கு போட்டுக்கொண்டார்.

இப்போது 18ஆம் அதிகாரத்துக்கு வருவோம்.

தாவீது கோலியாத்தை வீழ்த்திவிட்டுத் திரும்புகிறான். ஊர்ப் பெண்கள் மேளதாளத்தோடு எதிர்கொண்டு வந்து பாடுகிறார்கள். பாட்டில் அரசன் சவுலுக்கு ஒரு கணக்கு, ஆடு மேய்த்த தாவீதுக்கு அதைவிடப் பத்து மடங்கு கணக்கு. சவுலின் முகம் மாறுகிறது. அன்றிலிருந்து சவுல் தாவீதை ஒரு தனிக் கண்ணோடு பார்த்தான் என்கிறது விவிலியம். பிறகு ஈட்டி எறிகிறான். காடு மேடெல்லாம் துரத்துகிறான். இத்தனைக்கும் அந்த வெற்றியால் அதிகம் பயன் அடைந்தவன் சவுல்தான்! அவன் நாடு பிழைத்தது, அவன் அரியணை பிழைத்தது. ஆனாலும் அவனால் மகிழ முடியவில்லை.

அதே அரண்மனையில் இன்னொருவர் இருக்கிறார். சவுலின் மகன் யோனத்தான். முறைப்படி அடுத்து அரசனாக வேண்டியவர். தாவீது வளர்ந்தால் உண்மையில் இழப்பு யாருக்கு? யோனத்தானுக்குத்தான். அவர் என்ன செய்தார்? தம் மேலங்கியைக் கழற்றித் தாவீதுக்குப் போட்டார். தம் வாளையும் வில்லையும் கச்சையையும் கொடுத்தார். இளவரசனின் உடுப்பு மேய்ப்பன் தோளில் ஏறியது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சவுலும் தாவீதுக்கு உடுப்பு கொடுத்தவன்தான். 17ஆம் அதிகாரத்தில் தன் கவசத்தையும் தலைச்சீராவையும் அவனுக்கு மாட்டிவிட்டான். அது போருக்கு முன். "எனக்காகப் போய்ச் சண்டை போடு" என்று கொடுத்தது. யோனத்தான் கொடுத்தது வெற்றிக்குப் பின். "இனி நீ எனக்குக் கீழே இல்லை, என் பக்கத்தில் நில்" என்று கொடுத்தது. சின்னவர் நமக்குப் பயன்படும் வரை தாங்கிப் பிடிப்பது சவுலாலும் முடியும். அவர் நம்மைத் தாண்டி வளர்ந்த பிறகும் அவர் தோளில் கை போட யோனத்தானால்தான் முடியும்.

கால்பந்திலும் இது தெரியும். பெரிய அணி தோற்ற நாளில் அதன் ரசிகர்களைக் கவனியுங்கள். சிலர் ஆட்டம் முடியுமுன் எழுந்து போய்விடுவார்கள். சிலர் நடுவரைத் திட்டுவார்கள். சிலர், "எங்கள் ஆட்கள் இன்று சரியாக ஆடவில்லை, இல்லாவிட்டால் இவர்களாவது ஜெயிப்பதாவது" என்பார்கள். இது மிகவும் தந்திரமான பேச்சு. தோல்வியை ஒப்புக்கொள்வது போலத் தோன்றும். ஆனால் வென்றவருக்கு ஒரு துளிப் பெருமையும் போய்ச் சேராது. இன்னும் சிலர் எழுந்து நின்று எதிரணிக்குக் கைதட்டுவார்கள். 2015 ஜனவரியில் இங்கிலாந்தில் செல்சீ என்ற பேரணி தன் சொந்த மைதானத்திலேயே, 2–0 என்று முன்னணியில் இருந்தும், மூன்றாம் பிரிவின் பிராட்ஃபோர்டிடம் 4–2 என்று தோற்றது. செல்சீயின் பயிற்சியாளர் மொரீனியோ தோல்வியை எளிதில் விழுங்குகிறவர் என்று பெயர் எடுத்தவர் அல்லர். அன்று அவர் எதிரணியின் அறைக்குள் போய் வீரர்களின் கையைக் குலுக்கி வாழ்த்திவிட்டு வந்தார்.

அன்புக்குரியவர்களே, இங்கேதான் நாம் நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சியில், முன்பின் தெரியாத ஊரில், சின்ன அணி வென்றால் நாம் துள்ளிக் குதிக்கிறோம். திரைப்படத்தில் ஏழைப் பையன் முன்னேறினால் கண் கலங்குகிறோம். அதே வெற்றி நம் தெருவில், நம் பங்கில், நம் குடும்பத்தில் நடக்கும்போது?

நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவின் மகனுக்கு அரசு வேலை கிடைக்கிறது. அந்த அம்மா இனிப்போடு வந்து நிற்கிறார். நம் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை என்ன? "எவ்வளவு கொடுத்தீங்க? யாரைப் பிடிச்சீங்க?" அந்தப் பையன் இரவெல்லாம் படித்தது அந்த ஒரு கேள்வியில் கரைந்துபோகிறது. பாடகர் குழுவில் புதிதாக வந்த பெண்ணுக்குக் குரல் நன்றாக இருக்கிறது. பதிலுரைப் பாடலை அவளிடம் கொடுக்கிறார்கள். 15 ஆண்டுகளாகப் பாடியவர் அடுத்த ஞாயிறு முதல் வருவதில்லை. கேட்டால் தொண்டை சரியில்லை என்கிறார். நேற்றுவரை அன்பியக் கூட்டத்தில் பாய் விரித்தவர் இன்று பங்குப் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். "இவர் எல்லாம் நமக்குச் சொல்ல வந்துட்டாரா?" என்று கூட்டம் முடிந்தபின் வாசலில் நின்று பேசுகிறோம். அண்ணன் பிள்ளைகளைவிடத் தம்பி பிள்ளைகள் நன்றாகப் படித்துவிட்டால், பொங்கலுக்கும் கிறிஸ்மசுக்கும் போக்குவரத்து குறைந்துவிடுகிறது.

அந்தப் பெண்கள் தெருவில் பாடிய பாட்டில் இருந்தது வெறும் எண்ணிக்கை. சவுல் அந்த எண்ணிக்கையில் அகப்பட்டுக்கொண்டான். நாமும் அகப்படுவது அதில்தான். அவர்களுக்கு எத்தனை, நமக்கு எத்தனை? அவர்கள் வீட்டுக்கு எத்தனை மாடி? நம் பெயரை வாசித்தார்களா? கணக்குப் பார்க்கத் தொடங்கிய கண்ணால் பிறகு மனிதரைப் பார்க்க முடிவதில்லை.

சின்னவர் தூரத்தில் வென்றால் நமக்குச் செலவில்லை. பக்கத்தில் வென்றால் நம் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கிறது. மகிழ்வாரோடு மகிழச் சொல்கிறார் திருத்தூதர் பவுல். அழுகிறவரோடு அழச் சொன்ன அதே இடத்தில்தான் இதையும் சொல்கிறார். அழுகிற வீட்டுக்குப் போவது நமக்கு ஓரளவு வரும். சாவு வீட்டுக்கு எதிரியும் போவார். வெற்றி விழா நடக்கும் வீட்டுக்கு நெஞ்சு நிறைந்த மகிழ்ச்சியோடு போவதுதான் கடினமான பக்தி.

கலே நகர மன்றத்துக்கு முன்னால் ஒரு புகழ்பெற்ற சிலை நிற்கிறது. சிற்பி ரோதான் செய்தது. 1347இல் இங்கிலாந்து அரசன் பதினொரு மாதம் முற்றுகையிட்டு அந்த ஊரைப் பட்டினி போட்டான். ஆறு பேர் தங்களை ஒப்புக்கொடுத்தால் மற்றவர்களை விட்டுவிடுவதாகச் சொன்னான். முன்வந்தவர்கள் ஊரின் பெரும் செல்வந்தர்கள், பெரிய மனிதர்கள். கழுத்தில் கயிற்றோடும் வெறுங்காலோடும் நடந்து போனார்கள். அரசி மன்றாடியதால் உயிர் பிழைத்தார்கள் என்பது வரலாற்று மரபு. அந்த ஊர் தன் வாசலில் நிறுத்தி வைத்திருப்பது வாள் ஏந்திய வெற்றி வீரனை அல்ல. எளியவர்களுக்காகப் படியிறங்கி வந்த பெரியவர்களை.

நமக்காகவும் ஒருவர் இறங்கி வந்தார். விண்ணகத்தின் இளவரசர் தம் மேலங்கியைக் கழற்றி, துண்டைக் கட்டிக்கொண்டு மீனவர்களின் பாதங்களைக் கழுவினார். தம் மகிமையின் ஒரு கைப்பிடியை நம்மிடம் நீட்டி, "நீயும் பிடி" என்று சொல்கிறவர் அவர். அவரிடம் இவ்வளவு பெற்றுக்கொண்ட நாம், அடுத்தவர் கையில் உள்ள கோப்பையைப் பார்த்து முகம் வாடலாமா?

கலே அணி பின்னாளில் கடனில் சிக்கியது. 2017இல் அந்தச் சங்கமே கலைக்கப்பட்டது. போர்தோவை வீழ்த்திய அணி இன்று இல்லை. கோப்பைகள் துருப்பிடிக்கும், சங்கங்கள் கலையும். ஆனால் இரண்டு கைகள் ஒரே கோப்பையைத் தூக்கிய அந்தப் படத்தைப் பிரான்ஸ் இன்னும் மறக்கவில்லை.

இந்த வாரத்துக்கு ஒரு சின்ன முயற்சி. நமக்குத் தெரிந்தவர்களில், நம்மைவிடச் சிறியவராக இருந்து அண்மையில் முன்னேறிய ஒருவரை நினைத்துக்கொள்வோம். யாரை நினைத்தால் நெஞ்சில் ஒரு முள் குத்துகிறதோ, அவரையே நினைப்போம். அவர் வீட்டுக்குப் போவோம். எப்படிக் கிடைத்தது, எவ்வளவு ஆயிற்று என்று கேட்காமல், "ரொம்ப சந்தோஷம், நீங்க உழைச்சதுக்குக் கிடைச்சது" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டு வருவோம். கழற்றிக் கொடுக்க நம்மிடம் இளவரசனின் மேலங்கி இல்லாமல் இருக்கலாம். இந்த ஒரு வாக்கியம் எல்லாரிடமும் இருக்கிறது.

மன்றாடுவோம். எளியோரை உயர்த்தும் இறைவா, நீர் உயர்த்துகிறவர்களைக் கண்டு நாங்கள் மகிழ எங்களுக்குப் பெரிய மனதைத் தாரும். எங்கள் உள்ளத்தில் ஒளிந்திருக்கும் சவுலின் ஈட்டியைப் பிடுங்கிப்போட்டு, யோனத்தானின் கைகளை எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.

இறைவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும், உங்கள் அயலாரின் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. வணக்கம்.